‘ஹியர்பை’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பதும், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு வரும் ஆங்கிலப் படிவங்களைப் படித்துச் சொல்வதுமாகப் பல வருடங்கள் ஓடிவிட்டன. இத்தனை நாளில் அதிகம் பேர் என்னிடம் விரல் வைத்துக் காட்டிய ஆங்கிலச் சொல் ‘ஹியர்பை’ (hereby). பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் கையெழுத்துப் போடுகிற இடத்திலெல்லாம் அது உட்கார்ந்திருக்கும். அலங்காரத்துக்குப் போட்ட சொல் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். அது அலங்காரம் அல்ல, வேலை செய்கிற சொல். அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

1. டிக்‌ஷனரியில ‘இதன்மூலம்’னு போட்டிருக்கு டீச்சர். எதன்மூலம்?

நல்ல கேள்வி. இங்கேதான் எல்லாமே தொடங்குகிறது. ‘ஹியர்’ என்றால் இங்கே, ‘பை’ என்றால் மூலமாக. இந்த ‘இங்கே’ ஊரையோ இடத்தையோ குறிப்பதில்லை. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் அந்த வாக்கியத்தையே, அல்லது அந்த வாக்கியம் இருக்கும் காகிதத்தையே குறிக்கிறது. ‘ஐ ஹியர்பை ரிசைன்’ என்று ஒருவர் எழுதினால், “இந்த வாக்கியத்தை எழுதிக் கொடுப்பதன் மூலமே நான் ராஜினாமா செய்கிறேன்” என்று பொருள்.

நாம் பேசும் வாக்கியங்களில் பெரும்பாலானவை செய்தி சொல்பவை. “நேற்று மழை பெய்தது” என்றால் மழை வேறு, வாக்கியம் வேறு. “என் மகளை நாமினியாக நியமிக்கிறேன்” என்று படிவத்தில் எழுதும்போது நிலைமை மாறிவிடுகிறது. நியமனம் வேறெங்கோ நடந்து, அந்தச் செய்தியை நீங்கள் எழுதவில்லை. எழுதுவதுதான் நியமனம். இந்த இரண்டாவது வகை வாக்கியத்தில்தான் ‘ஹியர்பை’க்கு இடம்.

2. இது ஒரே வார்த்தையா, ரெண்டா? எப்படிச் சொல்லணும்?

ஒரே சொல், இடைவெளி கிடையாது. பிரித்து எழுதினால் ‘இங்கே பக்கத்தில்’ என்பதுபோல வேறு பொருள் வந்துவிடும். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘பை’யில் விழும். ‘கேள்’ என்று பொருள்படும் ‘ஹியர்’ ஒலியில் ஒன்றாக இருந்தாலும் எழுத்தில் வேறு. சிலர் அந்த எழுத்துகளைப் போட்டு எழுதிவிடுகிறார்கள், கவனம்.

3. தமிழ்ல இதுக்குச் சரியான வார்த்தை இருக்கா?

இருக்கிறது, நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். “இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்” என்று தண்டோரா போடுவதைக் கேட்டிருப்பீர்கள், குறைந்தபட்சம் சினிமாவிலாவது. அந்த ‘இதனால்’தான் ஹியர்பை. “இந்த அறிவிப்பினால்” என்பதன் சுருக்கம் அது. ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘நோட்டீஸ் இஸ் ஹியர்பை கிவன் தட்’ என்று தொடங்கும் பொது அறிவிப்பும் இதே வாக்கியம்தான்.

அலுவலகத் தமிழில் ‘இதன்மூலம்’, ‘இதன்வழி’ என்று எழுதுகிறார்கள். பத்திரங்களில் ‘இப்பத்திரத்தின் மூலம்’ என்று வரும். ஆனால் தமிழில் பல நேரம் தனிச்சொல்லே வேண்டாம். “உளமார உறுதி கூறுகிறேன்” என்றாலே உறுதி கூறியாகிவிட்டது. தன்மையில் நின்று நிகழ்காலத்தில் சொன்னாலே வேலை முடிந்துவிடுகிறது. மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு ஹியர்பைக்கும் ஒரு ‘இதன்மூலம்’ போட்டு நிரப்ப வேண்டாம் என்பது என் கருத்து.

4. வாக்கியத்துல எங்க வைக்கணும்? சில இடத்துல ‘டூ ஹியர்பை’னு வேற வருதே?

எழுவாய்க்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில். ‘ஐ ஹியர்பை நாமினேட்’, ‘வீ ஹியர்பை அப்பாயிண்ட்’. செயப்பாட்டு வினையாக இருந்தால் ‘ஆர்’, ‘இஸ்’ என்பதற்குப் பின்னால்: ‘யூ ஆர் ஹியர்பை டைரக்டட்’, ‘பெர்மிஷன் இஸ் ஹியர்பை கிராண்டட்’. வாக்கியத்தின் தொடக்கத்திலோ கடைசியிலோ வைத்தால் ஒட்டாது.

‘டூ’ சேர்ப்பது அழுத்தத்துக்காக, பழைய சட்ட நடை. நம் ஊர் நீதிமன்றப் பிரமாணப் பத்திரங்களில் ‘டூ ஹியர்பை சாலம்லி அஃபர்ம்’ என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். ‘டூ’வை எடுத்துவிட்டாலும் பொருள் மாறாது.

5. எந்த வினைச்சொல்லோட வேணும்னாலும் சேர்த்துக்கலாமா?

முடியாது. இதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: இதை எழுதினாலேயே, சொன்னாலேயே அந்தக் காரியம் முடிந்துவிடுமா? முடியும் என்றால் போடலாம். நியமித்தல், அறிவித்தல், அனுமதித்தல், அங்கீகரித்தல், சம்மதித்தல், ராஜினாமா செய்தல், ரத்து செய்தல், உறுதி கூறுதல், உரிமையை விட்டுக்கொடுத்தல் எல்லாம் சொல்லால் முடிகிற காரியங்கள். சமைத்தல், நடத்தல், படித்தல், பணம் செலுத்துதல் அப்படி இல்லை. ‘ஐ ஹியர்பை பே தி ஃபீஸ்’ என்று எழுதுவதால் கட்டணம் கட்டியதாக ஆகாது.

இந்த வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தவர் ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் ஜே. எல். ஆஸ்டின். 1955-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய தொடர் உரைகளில், செய்தியைச் சொல்லாமல் செயலையே செய்துவிடும் வாக்கியங்களுக்கு ‘பெர்ஃபார்மேட்டிவ்’ என்று பெயர் கொடுத்தார். ஒரு வாக்கியம் அந்த வகைதானா என்று கண்டுபிடிக்க, அதில் ‘ஹியர்பை’ பொருந்துகிறதா என்று பார்ப்பது பயனுள்ள வழி என்றும் சொன்னார். இலக்கணப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போகும் சொல்லை ஒரு தத்துவ அறிஞர் சோதனைக் கருவியாகப் பயன்படுத்தினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கொஞ்சம் நுணுக்கமான இடமும் உண்டு. சம்மதிக்க வைப்பதும் பேச்சால்தான் நடக்கிறது. ஆனால் ‘ஐ ஹியர்பை கன்வின்ஸ் யூ’ என்று சொல்ல முடியாது. நான் சொன்னதால் மட்டும் அது முடிவதில்லை, கேட்பவர் மனது மாற வேண்டும். முடிவு எதிராளியின் கையில் இருக்கும் வினைச்சொல் எதுவும் ஹியர்பையோடு சேராது.

6. மெயில்ல ‘ஐ ஹியர்பை அட்டாச் மை ரெஸ்யூமே’னு எழுதுறேன். தப்பா அக்கா?

நான் திருத்தும் கடிதங்களில் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். மேலே சொன்ன சோதனையைப் போட்டுப் பாருங்கள். ‘இணைக்கிறேன்’ என்று எழுதியதால் கோப்பு இணைந்துவிடுமா? பொத்தானை அழுத்தினால்தான் இணையும். நீங்கள் தேடும் சொல் ‘ஹியர்வித்’. ‘இத்துடன்’ என்று அர்த்தம். “இத்துடன் இணைத்துள்ளேன்” என்று தமிழில் எழுதுவோமே, அதே சொல். ‘ஹியர்பை’ என்றால் ‘இதனால்’, ‘ஹியர்வித்’ என்றால் ‘இத்துடன்’ என்று நினைவு வைத்தால் குழப்பம் வராது.

இன்னொன்றும் சொல்கிறேன். இன்றைக்கு அந்த ‘ஹியர்வித்’கூடத் தேவையில்லை. ‘மை ரெஸ்யூமே இஸ் அட்டாச்ட்’ என்றால் போதும், படிக்கிறவருக்கு இன்னும் தெளிவாக இருக்கும். அதேபோல ‘ஐ ஆம் ஹியர்பை ரைட்டிங் திஸ் லெட்டர்’ என்று தொடங்குவதையும் விட்டுவிடுங்கள். எழுதுவதை எழுதுவதன் மூலம் எழுதுகிறேன் என்று சொல்வதுபோல் ஆகிறது.

7. ‘ஐ வில் ஹியர்பை’, ‘ஐ ஹியர்பை சப்மிட்டட்’ இதெல்லாம் வரலாமா?

வரக்கூடாது. காரியம் இந்த வாக்கியத்திலேயே நடக்கிறது என்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். ‘வில்’ போட்டால் இனிமேல் நடக்கும் என்று ஆகிறது. இறந்தகாலம் போட்டால் முன்பே நடந்துவிட்டது என்று ஆகிறது. இரண்டுமே ‘இதனால்’ என்பதோடு முட்டிக்கொள்ளும். சாதாரண நிகழ்காலம் மட்டும்தான் சரி. ‘ஐ ஆம் ஹியர்பை டிக்ளேரிங்’ என்று தொடர் நிகழ்காலத்தில் எழுதுவதும் ஒட்டாது.

ஒப்பந்தங்களில் ‘ஷல் ஹியர்பை’ என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். அது வெறும் இலக்கணக் குறை அல்ல. காரியம் இப்போதே முடிந்ததா, பிறகு முடிக்க வேண்டியதா என்ற சந்தேகத்தை உண்டாக்கும் வாக்கியம் அது. 13-ஆம் கேள்வியில் அதன் விலை என்ன என்று பாருங்கள்.

8. பயோடேட்டா கடைசியில ‘ஐ ஹியர்பை டிக்ளேர்’னு ஒரு பாரா கண்டிப்பா வேணுமா?

“மேலே சொன்ன விவரங்கள் எனக்குத் தெரிந்தவரை உண்மை என்று இதனால் உறுதி கூறுகிறேன்” என்ற அந்தப் பத்தி நம் நாட்டு வழக்கம். சொல் சரியாகத்தான் பயன்படுகிறது, ‘டிக்ளேர்’ என்பது சொன்னாலே முடிகிற காரியம். அரசு வேலை விண்ணப்பப் படிவங்களில் அந்த உறுதிமொழி அச்சிட்டே இருக்கும். அங்கே அதற்குப் பலமும் உண்டு. பொய்த் தகவல் என்று பிறகு தெரிந்தால் வேலையையே இழக்கலாம், நீங்கள் கையெழுத்திட்டது நீங்களே செய்த அறிவிப்பு.

தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் பயோடேட்டாவில் அது கட்டாயமில்லை. அமெரிக்கா, பிரிட்டன் பக்கம் அனுப்புகிறவர்கள் எடுத்துவிடலாம், அங்கே பயோடேட்டாவில் அப்படி எழுதும் பழக்கம் இல்லை. அந்த நான்கு வரி இடத்தில் உங்கள் திறமை ஒன்றைக் கூடுதலாக எழுதுங்கள் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

9. ராஜினாமா கடிதத்துல போடலாமா? ரொம்ப கடுமையா இருக்காதா?

போடலாம். அந்தச் சொல் மிகச் சரியாகப் பொருந்தும் கடிதம் அது. உலகத்திலேயே பேர்போன ராஜினாமா கடிதம் ஒரே வாக்கியம்தான். 1974 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன், வாட்டர்கேட் விவகாரத்துக்குப் பிறகு, வெளியுறவுச் செயலர் ஹென்றி கிஸ்ஸிங்கருக்கு எழுதியது: ‘ஐ ஹியர்பை ரிசைன் தி ஆஃபீஸ் ஆஃப் பிரசிடென்ட் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’. காரணம் இல்லை, விளக்கம் இல்லை. கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகக் கிஸ்ஸிங்கர் அதில் நேரத்தைக் குறித்துச் சுருக்கொப்பம் இட்டார், காலை 11.35. ஜெர்மன்காரர்களும் வேலையை விடும் கடிதத்தை ‘ஹியர்மிட்’ என்றே தொடங்குவது வழக்கம். அது இதே சொல்லின் உறவுக்காரச் சொல்.

நீங்கள் நல்ல உறவோடு வெளியே வருகிறீர்கள் என்றால் ‘ஐ ஆம் ரைட்டிங் டு ரிசைன்’ என்று மென்மையாக எழுதலாம். ஆனால் தேதி பற்றித் தகராறு வரலாம் என்று தோன்றினால், “இன்ன தேதியிலிருந்து விலகும்படி இதனால் ராஜினாமா செய்கிறேன்” என்று ஹியர்பை போட்டுத் தெளிவாக எழுதுங்கள். “ராஜினாமா செய்ய நினைக்கிறேன்” என்று எழுதிவிட்டு, செய்தாரா இல்லையா என்று இரண்டு பக்கமும் இழுபறியில் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

10. அந்த வார்த்தை இல்லேன்னா செல்லாதா அப்போ?

செல்லும். ஹியர்பை போடுவதால் ஒரு வாக்கியத்துக்குச் சக்தி வருவதில்லை. ஏற்கெனவே உள்ள சக்தியை அது வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். பையில் இருக்கும் நூறு ரூபாய்த் தாளை எடுத்துப் பாருங்கள். வைத்திருப்பவருக்கு நூறு ரூபாய் தருவதாக வாக்களிக்கிறேன் என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதி, ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்திட்டிருப்பார். அதில் ஹியர்பை இல்லை. ஆனாலும் அது வாக்குறுதிதான். (ஒரு ரூபாய்த் தாளில் இந்த வாக்குறுதி வாக்கியமே கிடையாது. அதை வெளியிடுவது மத்திய அரசு, கையெழுத்து நிதித்துறைச் செயலருடையது.)

அமைச்சர்கள் எடுக்கும் உறுதிமொழி அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது. அந்த ஆங்கில வாசகத்திலும் ஹியர்பை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை பெறுகிறவர்கள் எடுக்கும் உறுதிமொழியோ ‘ஐ ஹியர்பை டிக்ளேர், ஆன் ஓத்’ என்றுதான் தொடங்கும். அங்கே குடியேறிய நம்மவர்கள் பலர் கையைத் தூக்கிச் சொல்லியிருப்பார்கள். இரண்டு உறுதிமொழிக்கும் வலு ஒன்றுதான்.

11. பின்ன எதுக்கு சட்டத்துல மட்டும் இத்தனை தடவை போடறாங்க?

ஒரு காரணம் பழக்கம். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டமும் ‘இட் இஸ் ஹியர்பை எனாக்டட்’ என்று சொல்லித்தான் தொடங்குகின்றன. இன்னொரு காரணம் உண்மையிலேயே தேவை. சட்டம் எழுதும்போது “இந்தச் சட்டம் ரத்தாகியிருக்கிறது” என்ற செய்திக்கும், “இந்த வரியாலேயே ரத்து செய்கிறோம்” என்ற செயலுக்கும் நடுவில் குழப்பமே இருக்கக்கூடாது. ‘இஸ் ரிப்பீல்ட்’ என்பதை இரண்டு மாதிரியும் படிக்கலாம். ‘இஸ் ஹியர்பை ரிப்பீல்ட்’ என்பதை ஒரே மாதிரிதான் படிக்க முடியும். அமெரிக்காவில் மதுவிலக்கைக் கொண்டுவந்த 18-ஆவது திருத்தத்தை, 1933-இல் 21-ஆவது திருத்தம் இந்தச் சொற்களால்தான் நீக்கியது.

நம் அரசமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முகப்புரையில் ‘வீ, தி பீப்பிள் ஆஃப் இந்தியா’ என்ற எழுவாய் தொடக்கத்தில் வருகிறது. அதற்கான வினைச்சொல் நீண்ட வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது: ‘டூ ஹியர்பை அடாப்ட், எனாக்ட் அண்ட் கிவ் டு அவர்செல்வ்ஸ்’. ஏற்றுக்கொள்கிறோம், இயற்றுகிறோம், நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிறோம். யாரோ கொடுத்ததை நாம் வாங்கிக்கொண்டதாக அதில் இல்லை. அந்த வாக்கியத்தாலேயே மக்கள் தங்களுக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். 1949 நவம்பர் 26 என்ற தேதியும் அதே வாக்கியத்துக்குள் இருக்கிறது. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்து ஒப்பித்த வாக்கியத்தில் இவ்வளவு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எனக்கே ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

கடைசி உறுப்பான 395-க்குப் போனால் அங்கேயும் இதே சொல். 1935-ஆம் வருட இந்திய அரசுச் சட்டமும், 1947-ஆம் வருட இந்திய விடுதலைச் சட்டமும் ‘ஆர் ஹியர்பை ரிப்பீல்ட்’. இரண்டுமே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றியவை. முகப்புரையில் இந்தச் சொல்லால் நமக்கு நாமே கொடுத்துக்கொண்டோம், கடைசி உறுப்பில் இதே சொல்லால் அவர்கள் போட்டுவைத்ததை எடுத்தோம்.

12. ஐ.பி.சி. ‘ஹியர்பை ரிப்பீல்ட்’னு 2023-லயே எழுதிட்டாங்க. ஆனா 2024 ஜூலை வரைக்கும் அமலில் இருந்துச்சே, எப்படி?

இதை ஒரு சட்டக் கல்லூரி மாணவி கேட்டாள், சரியான இடத்தைப் பிடித்திருக்கிறாள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 358-ஆவது பிரிவு, ஐ.பி.சி. எனப்படும் இந்தியத் தண்டனைச் சட்டத்தை ‘ஹியர்பை’ ரத்து செய்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது 2023 டிசம்பர் 25. அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1. நடுவிலிருந்த ஆறு மாதம் பழைய சட்டம்தான் ஓடியது.

முதல் பதிலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். ‘ஹியர்’ என்பது அந்த வாக்கியத்தைக் குறிக்கிறது. அந்த வாக்கியம் எப்போது வாய் திறக்கிறதோ அப்போதுதான் ரத்தும் நடக்கும். ஒரு சட்டப்பிரிவு அச்சடித்த நாளில் பேசுவதில்லை, அமலுக்கு வந்த நாளில்தான் பேசத் தொடங்குகிறது. 395-ஆவது உறுப்பும் அப்படித்தான், 1950 ஜனவரி 26 அன்றுதான் அது அமலுக்கு வந்தது. ஆக ஹியர்பை என்றால் ‘எழுதிய இந்த நிமிடமே’ என்று எடுத்துக்கொள்வது தவறு. ‘இந்த வாக்கியத்துக்கு உயிர் வரும்போதே, வேறெதுவும் செய்யத் தேவையில்லாமல்’ என்பதுதான் சரி.

13. ஐ.டி. கம்பெனி ஒப்பந்தத்துல ‘ஹியர்பை அசைன்ஸ்’னு இருக்கு. ‘அக்ரீஸ் டு அசைன்’னு இருந்தா என்ன, இப்படி இருந்தா என்ன? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். ‘அக்ரீஸ் டு அசைன்’ என்றால் என் கண்டுபிடிப்பின் உரிமையை எழுதிக்கொடுக்க ஒப்புக்கொள்கிறேன், அதாவது வாக்குறுதி. ‘ஹியர்பை அசைன்ஸ்’ என்றால் இதோ எழுதிக்கொடுத்தாகிவிட்டது.

அமெரிக்காவில் இதன் மேல் ஒரு பெரிய வழக்கே நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குச் சேர்ந்த ஒருவர் 1988-இல், தன் கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுக்க ‘ஒப்புக்கொள்வதாக’ கையெழுத்திட்டார். பிறகு, மரபணுத் துணுக்கைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். தொழில்நுட்பம் பிறந்த சீட்டஸ் என்ற நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போனார். உள்ளே நுழைய அவர்கள் நீட்டிய தாளில் ‘வில் அசைன் அண்ட் டூ ஹியர்பை அசைன்’ என்று இருந்தது. அதிலும் கையெழுத்திட்டார். ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமியின் அளவைப் பி.சி.ஆர். மூலம் கணக்கிடும் முறை உருவானது. சீட்டஸின் பி.சி.ஆர். தொழிலை ரோஷ் நிறுவனம் வாங்கியது. அந்த முறையின் உரிமை தன்னுடையது என்று ஸ்டான்ஃபோர்டு ரோஷ் மேல் வழக்குப் போட்டது.

2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இதுதான்: முதல் தாள் வெறும் வாக்குறுதி, இரண்டாவது தாள்தான் உரிமையை மாற்றியது. தேதியில் பிந்திய தாள், சொல்லால் முந்திவிட்டது. 2011-இல் உச்ச நீதிமன்றமும் 7-2 என்ற கணக்கில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஆனால் அது எடுத்துக்கொண்ட கேள்வி வேறு, அரசு நிதியில் நடந்த ஆய்வின் உரிமை தானாகவே பல்கலைக்கழகத்துக்குப் போகுமா என்பது. இந்தச் சொல் வேறுபாட்டை வைத்து இவ்வளவு பெரிய உரிமையை முடிவு செய்யலாமா என்று அங்கே சில நீதிபதிகளே தனியாகச் சந்தேகம் எழுப்பி எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் நியாயமாகவே படுகிறது. ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் அதை நம்பி இருக்கக்கூடாது.

நம் ஊரில் இதே வேறுபாடு வேறு பெயரில் எல்லோருக்கும் தெரியும். கிரைய ஒப்பந்தம் வேறு, கிரையப் பத்திரம் வேறு. அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டதாலேயே வீடு உங்களுடையதாகாது. ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆவது பிரிவே சொல்கிறது. ‘அக்ரீஸ் டு’ என்றால் கிரைய ஒப்பந்தம், ‘ஹியர்பை’ என்றால் கிரையப் பத்திரம் என்று மனதில் வைத்துக்கொண்டு வேலை ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஓய்வு நேரத்தில் சொந்தமாகச் செயலி எழுதுகிறவர்கள், “எல்லாக் கண்டுபிடிப்புகளும்” என்று அந்த வரியில் இருக்கிறதா, “வேலை தொடர்பானவை” என்று இருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

14. அப்போ ஹியர்பை போட்டு எழுதிட்டா எல்லாம் நடந்துடுமா?

நடக்காது. எழுதுகிறவருக்கு அதைச் செய்யும் அதிகாரம் இருக்க வேண்டும், உரிய முறைப்படியும் செய்திருக்க வேண்டும். இல்லாத சொத்தை ‘ஹியர்பை’ விற்றாலும் அது விற்பனை ஆகாது. சொத்து உங்களுடையதே ஆனாலும், வீட்டைக் கிரையம் செய்ய முத்திரைத்தாளில் ஹியர்பை எழுதினால் போதாது, பதிவு செய்ய வேண்டும்.

அன்றாடம் நான் பார்க்கும் உதாரணம் பி.எஃப். நாமினேஷன். படிவத்தில் ‘ஐ ஹியர்பை நாமினேட்’ என்று அச்சிட்டிருக்கும். ஆனால் பி.எஃப். திட்ட விதிப்படி, குடும்பம் இருக்கிற உறுப்பினர் குடும்பத்தைச் சேராதவரை நாமினியாகப் போட்டால் செல்லாது. கல்யாணத்துக்கு முன், குடும்பம் இல்லாத நிலையில் வெளியாள் ஒருவரைப் போட்டிருந்தாலும், பிறகு குடும்பம் வந்ததும் அந்த நியமனம் செல்லாததாகிவிடும். வாக்கியம் சரியாக இருந்தும் காரியம் நடக்காத இடம் இது. கல்யாணம் ஆன பிள்ளைகள் தயவுசெய்து நாமினேஷனைப் புதுப்பித்துவிடுங்கள்.

15. ஹியர்டு, ஹியரின், ஹியரினாஃப்டர், தேர்பை... இதெல்லாம் ஒரே குடும்பமா?

ஒரே குடும்பம்தான். ‘ஹியரின்’ இதனுள், ‘ஹியராஃப்’ இதனுடைய, ‘ஹியர்டு’ இதற்கு, ‘ஹியரண்டர்’ இதன்கீழ், ‘ஹியரினாஃப்டர்’ இந்தப் பத்திரத்தில் இனிமேல். ‘தேர்பை’ மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ‘அதனால், அதன் விளைவாக’ என்று பொருள், எந்தக் காலத்திலும் வரும், சாதாரணக் கட்டுரையிலும் வரும். “மழை பெய்தது, அதனால் சூடு குறைந்தது” என்பதில் தேர்பை வரலாம், ஹியர்பை வராது. ‘வேர்பை’ என்றால் எதன்படி, எதன்மூலம் என்று முன்சொன்ன ஏற்பாட்டை விளக்கும். புதிதாக எழுதும்போது இவற்றில் பெரும்பாலானதை ‘இந்த ஒப்பந்தத்தில்’, ‘இந்த ஒப்பந்தத்தின்கீழ்’ என்று நேராகவே எழுதிவிடலாம், ஒன்றும் குறையாது.

16. சாதாரண மெயில், வாட்ஸ்அப்ல போட்டா கெத்தா இருக்குமா?

‘ஐ ஹியர்பை ரெக்வெஸ்ட் யூ’ இலக்கணப்படி சரி. ஆனால் படிக்கிறவருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்ததுபோல இருக்கும். விடுப்புக் கேட்கும் கடிதத்தில் அது வேண்டாம். ‘ஐ ரெக்வெஸ்ட்’ என்றாலே வேண்டுகோள் வைத்தாகிவிட்டது, 10-ஆவது பதிலில் சொன்ன அதே காரணம். அனுமதிக் கடிதம், அதிகாரம் கொடுக்கும் கடிதம், ராஜினாமா, உறுதிமொழி, சம்மதம் திரும்பப் பெறுதல் போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சார்பில் ஒருவர் சான்றிதழை வாங்கப் போகிறார் என்றால் ‘ஐ ஹியர்பை அத்தரைஸ்’ என்று எழுதிக் கொடுங்கள், மிகப் பொருத்தமாக இருக்கும். ஒரு கடிதத்தில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

17. ஆப்ல ‘ஐ ஹியர்பை கிவ் மை கன்சென்ட்’னு டிக் பண்ணச் சொல்லுது. அது வெறும் ஃபார்மாலிட்டிதானே?

இல்லை. அந்த டிக் போட்ட நொடியில் சம்மதம் கொடுத்தாகிவிட்டது. பிறகு யாரும் தனியாக வந்து கேட்கப் போவதில்லை. கடன் ஆப், மருத்துவமனைப் படிவம், காப்பீடு எதுவாக இருந்தாலும், முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால் ‘ஹியர்பை’ எங்கே இருக்கிறது என்று தேடி, அதற்கு அடுத்த வினைச்சொல்லையாவது படியுங்கள். ‘கன்சென்ட்’ என்றால் சம்மதிக்கிறீர்கள். ‘அத்தரைஸ்’ என்றால் உங்கள் சார்பில் செய்ய, சில நேரம் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கவே, அதிகாரம் கொடுக்கிறீர்கள். ‘வேவ்’ அல்லது ‘ரிலீஸ்’ என்றால் உங்களுக்கு இருக்கும் உரிமை ஒன்றை விட்டுக்கொடுக்கிறீர்கள். இந்த மூன்றாவது வகை வந்தால் டிக் போடாமல் யாரிடமாவது கேளுங்கள்.

கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். 2023-இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், கொடுப்பது எவ்வளவு எளிதாக இருந்ததோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு எழுதும் கடிதம் ஒரே வரிதான்: ‘ஐ ஹியர்பை வித்ட்ரா மை கன்சென்ட்’. கீழே எந்தச் சம்மதம், எந்தத் தேதியில் கொடுத்தது, உங்கள் வாடிக்கையாளர் எண் என்ன என்பதைச் சேர்த்து அனுப்பி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.